நூல் எண்ணும் கண்ணாடி

உமேஷின் நூல் எண்ணும் கண்ணாடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பிக் கழற்றியபோது இந்துப்ரியாவுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. மதுரை சிம்மக்கல்லில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்தவன் அவன். எந்தச் சேலையைப் பிரித்தாலும் சட்டைப்பையிலிருந்து அந்த மடக்குக் கண்ணாடியை எடுத்துத் துணிமேல் நிறுத்தி, ஒற்றைக் கண்ணால் குனிந்து இழை எண்ணுவான். கல்யாணமான புதிதில் அவள் முந்தானையைக்கூட அவன் விட்டுவைக்கவில்லை. அதை நினைத்தால் அழுகை வர வேண்டும். வரவில்லை. லென்ஸ் கீறாமல் வெளியே வந்ததா என்று மட்டும் பார்த்துக்கொண்டாள்.

பக்கவாதம் ஒரே காலையில் அவனுடைய கை, கால், பேச்சு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டது. கண்ணையும் கழுத்தில் கொஞ்சம் அசைவையும் மட்டும் விட்டுவைத்தது. உள்ளே உமேஷ் இருக்கிறானா என்றுதான் யாராலும் சொல்ல முடியவில்லை. இருக்கலாம் என்றார் டாக்டர். இல்லாமலும் இருக்கலாம் என்றார். கண்ணைச் சிமிட்டச் சொன்னால் ஒரு நேரம் சிமிட்டினான், ஒரு நேரம் சும்மா பார்த்தான்.

அவளுடைய அண்ணன் ராஜகுரு ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லம் பார்த்துவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. கே.கே. நகர் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக் கட்டிலுக்கும் நடுவே தங்கை தேய்ந்துகொண்டிருப்பதை அவனால் பார்க்கப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியோடு வருகிறேன் என்றான். இந்துப்ரியா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: அதற்குள் உமேஷ் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவன் இந்த வீட்டை விட்டுப் போகக்கூடாது. ராஜகுரு உடனே ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொள்வதில் அவனுக்கு என்ன கஷ்டம்?

அவள் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள். வகுப்பில் படம் காட்ட வைத்திருந்த லேசர் பாயிண்டரை ஒரு தொப்பியில் கட்டி உமேஷின் தலையில் மாட்டினாள். எதிர்ச் சுவரில் தமிழ் எழுத்துகளை வரிசையாக எழுதிய சார்ட்டை ஒட்டினாள். தலையை அசைத்து எழுத்தைக் காட்டினால் போதும் என்பது அவள் கணக்கு. ஆனால் அந்தக் கழுத்து திரும்புவதே கொஞ்சம்தான். அதற்குத் தகுந்த மாதிரி சார்ட்டைச் சின்னதாக்கினாள். சின்னதாக்கியதும் லேசர் கவிழ்த்துவிட்டது. மலிவு பாயிண்டரின் பிளாஸ்டிக் லென்ஸ் மங்கிப் போயிருந்தது. சிவப்பு வெளிச்சம் சிந்திய குங்குமம் மாதிரி நாலு எழுத்தின்மேல் பரவிக் கிடந்தது. அவன் எதைக் காட்டுகிறான் என்று யார் கண்டது?

அதற்காகத்தான் இந்த நல்ல கண்ணாடி லென்ஸ். முதலில் அதைப் பாயிண்டரின் வாயில் அப்படியே வைத்துப் பார்த்தாள். வெளிச்சம் இன்னும் விரிந்து சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் போயிற்று. உள்ளே ஏற்கெனவே ஒரு லென்ஸ் இருக்கிறது. இத்தனை வருஷம் பிள்ளைகளைத் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்த லென்ஸ் பாடம் தனக்கே மறந்துபோனதை நினைத்து ஒரு சிரிப்பு வந்திருக்க வேண்டும். அதுவும் வரவில்லை. பாயிண்டரின் முன்மூடியைத் திருகி உள்ளே இருந்த பிளாஸ்டிக் லென்ஸை எடுத்துவிட்டாள். இனி புது லென்ஸ் சரியான தூரத்தில் நின்றாக வேண்டும். அந்தத் தூரத்தை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கவும் முடிய வேண்டும்.

மூக்குக் குழாய் வழியாக உமேஷுக்குக் கஞ்சி ஏற்றும் பெரிய சிரிஞ்சு கண்ணில் பட்டது. புதிதாக ஒன்றை எடுத்து, தள்ளு தண்டை உருவிப் போட்டுவிட்டு நுனியை நறுக்கினாள். வெட்டிய வாயில் லென்ஸைப் பதித்து எம்-சீல் பசையை அப்பினாள். பாயிண்டரின் உடம்பில் துணி டேப்பைச் சுற்றி, பின்பக்கமாகச் சிரிஞ்சுக்குள் நுழைத்தாள். இழுத்தால் வந்தது, தள்ளினால் போனது. வெளிச்சம் கசியாமல் மேலே கறுப்பு டேப் சுற்றி, அணையாமல் எரிய சுவிட்சின்மேல் ரப்பர் பேண்டு மாட்டினாள். சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு மயிரிழை தள்ளினாள், ஒரு மயிரிழை இழுத்தாள். வெளிச்சம் சுருங்கிச் சுருங்கிக் கடுகளவுப் புள்ளியாக நின்றது.

பகலில் உமேஷைப் பார்த்துக்கொள்ள வரும் பாண்டியம்மாள் வாயைப் பிளந்தாள். "எம்மாடி, இம்புட்டுக்காண்டு ஆயிருச்சே டீச்சர்." யாரும் குறுக்கே போய் அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு இந்துப்ரியா தொப்பியை மாட்டினாள். சந்தோஷம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. வேலை முடிந்தது, அவ்வளவுதான்.

ஞாயிறு காலை ராஜகுரு வந்தபோது புள்ளி சார்ட்டின்மேல் நகர்ந்துகொண்டிருந்தது. ஓர் எழுத்தில் நிற்கும், இளைப்பாறும், அடுத்ததற்குப் போகும். பாண்டியம்மாள் ஒவ்வொன்றாக வாசிக்க, இந்துப்ரியா பென்சிலால் சார்ட்டின் ஓரத்தில் எழுதினாள். இரண்டு வரி சேர்ந்தது. தமிழில் அப்படி ஒரு வார்த்தை கிடையாது. முன்னாலிருந்து கூட்டினாலும் பின்னாலிருந்து கூட்டினாலும் பொருள் வரவில்லை. ராஜகுரு வெகுநேரம் பார்த்துவிட்டுத் தங்கையின் தோளில் கை வைத்தான்.

"மாப்ள உள்ள இல்லம்மா. நீயும் எம்புட்டுத்தான் பாப்ப? நான் போயி வண்டிய உள்ள விடச் சொல்றேன்."

அவன் படியிறங்கினான். பாண்டியம்மாள் துணிகளை எடுத்துவைக்க உள்ளே போனாள். இந்துப்ரியா சார்ட்டைக் கழற்றப் போனாள். கரும்பலகையில் எதை எழுதியிருந்தாலும் அழிப்பதற்கு முன் ஒருமுறை வாய்விட்டு வாசிப்பது வாத்தியார் வழக்கம். அந்த வழக்கத்தில் வாசித்தாள். காதில் விழுந்ததும் கை நின்றுவிட்டது.

அது சௌராஷ்டிரம். அவர்கள் வீட்டுப் பேச்சு. அந்த வீட்டில் பேசுவதெல்லாம் சௌராஷ்டிரம், எழுதுவதெல்லாம் தமிழ். பால் கணக்கிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை அப்படித்தான். எழுதிப் பார்த்திராத பேச்சை எழுத்தில் கண்டால் கண்ணுக்கு எப்படி அடையாளம் தெரியும்? இன்னொன்றும் அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வெளியாள் முன்னால் வீட்டுப் பேச்சு பேசுவது மரியாதையில்லை, அவர்களைப் பற்றிப் புறம் பேசுகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள் என்று கேட்டு வளர்ந்தவர்கள் அண்ணனும் தங்கையும். ஆஸ்பத்திரியில் நர்ஸ், வீட்டில் பாண்டியம்மாள். உமேஷ் விழுந்த நாளிலிருந்து அவன் காதில் ஒருவரும் சௌராஷ்டிரத்தில் ஒரு சொல் பேசவில்லை. பாண்டியம்மாள் போன பிறகு ராத்திரிகளில்கூடக் கட்டின பெண்டாட்டி கஞ்சி ஏற்றினாள், துடைத்துவிட்டாள், பேசவில்லை.

இரண்டாம் முறை நிதானமாக வாசித்தாள். என்னை அனுப்பிவிடு, நீ தூங்கு. அவ்வளவுதான் எழுதியிருந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். உமேஷ் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே அவன்தான் இருந்தான், முழுசாக இருந்தான், இத்தனை நாளும் இருந்திருக்கிறான். நெஞ்சுக்குள் மரத்துக் கிடந்த ஏதோ ஒன்றில் ஊசி ஏறியது. வலித்தது.

படியில் ராஜகுருவின் செருப்புச் சத்தம் கேட்டது. உமேஷின் புள்ளி அவசரமாகச் சார்ட்டை நோக்கி நகர ஆரம்பித்தது. அவன் என்ன எழுதப் போகிறான் என்று அவளுக்குத் தெரியும். இனி சௌராஷ்டிரம் என்று தெரிந்துவிட்டால் அண்ணனும் வாசித்துவிடுவான். இந்துப்ரியா கட்டிலருகே போய்ச் சுவிட்சின்மேல் இருந்த ரப்பர் பேண்டை உருவிவிட்டாள். சுவரில் புள்ளி அணைந்தது.

"வண்டிய திருப்பி அனுப்பிருண்ணே," என்றாள். "நம்ம பேச்சுல சொல்லியிருக்காரு. நமக்குத்தான் வாசிக்கத் தெரியல."

"என்னம்மா சொன்னாரு?"

"இங்கயே இருக்கேங்குறாரு."

ராஜகுரு மாப்பிள்ளையைப் பார்த்தான். சார்ட்டின் ஓரத்துப் பென்சில் எழுத்தைத் தேடினான். அதன்மேல் தங்கையின் உள்ளங்கை அழுந்தியிருந்தது. இன்னொரு முறை சொல்லச் சொல் என்று கேட்டான். களைத்துப்போய்விட்டார், நாளைக்கு வா என்று சொல்லிவிட்டாள். உமேஷின் கண்கள் அண்ணனுக்கும் தங்கைக்குமாக மாறி மாறி ஓடின. அவனைப் பேச வைக்கத்தான் அவனுடைய கண்ணாடியையே பிரித்துப்போட்டாள்; பேசிய முதல் நாளே அவன் வாயையும் அடைத்துவிட்டாள். அது தப்பு என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

கீழே வண்டி கிளம்பும் சத்தம் கேட்ட பிறகு ரப்பர் பேண்டைத் திரும்ப மாட்டினாள். சிவப்புப் புள்ளி சுவரில் நடுங்கியபடி வந்து நின்றது. பாண்டியம்மாள் வாசலில் நிற்பதைப் பார்த்தும் அவள் சௌராஷ்டிரத்திலேயே பேசினாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

திட்டுவதாக இருந்தால் திட்டுங்கள் என்றாள். மெதுவாகத் திட்டுங்கள், நான் வாசிக்க வேண்டும். பென்சிலை எடுத்துக்கொண்டு சார்ட்டுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள்.