பெபிஷாவின் ஒற்றை வரி

பெருங்காற்று அடித்தபோது இனயத்தை அடுத்த அந்தக் கடற்கரை ஊரில் நாற்பத்து மூன்று பேர் கடலில் இருந்தார்கள். மறுநாள் காலை பத்து மணிக்குள் முப்பத்தொரு பேர் தேங்காய்ப்பட்டணத்தில் கரையேறிவிட்டதாகத் தகவல் வந்தது. மீதி யார் யார் என்று பங்குக் கோயில் அலுவலகத்தில் ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தபோது, பொறியியல் படிக்கும் பெபிஷா மடிக்கணினியைத் திறந்தாள்.

"தள்ளுங்க. பைத்தான்ல ஒத்த வரி புரோகிராம் போதும்."

பெருமைதான், வேறென்ன! கடலுக்குப் போனவர்களில் ஒவ்வொரு பெயராக எடு. கரையேறியவர் பட்டியலில் அது இல்லையென்றால் வைத்துக்கொள், இருந்தால் விட்டுவிடு. அவ்வளவுதான் அந்த வரி. கண்மூடித் திறப்பதற்குள் பட்டியல் வந்தது. அச்செடுத்து ஒன்றைக் கதவில் ஒட்டினாள். இன்னொன்றை வாங்கிக்கொண்டு, அதில் இருந்தவர்கள் வலைபோடப் போன பக்கங்களைத் தேடிப் படகுகள் கிளம்பின.

குளோரி ஓடிவந்து விரல் வைத்துப் படித்தாள்.

"மக்கா, பிள்ளைகளுக்க அப்பா பேரு இதுல இல்லியே. கரைக்கு வந்தாச்சா?"

"யேசுரத்தினம்தானே சித்தி? வந்தாச்சு. மூணு மணிக்கு வேன்ல வருவாரு."

"எனக்க மாதாவே!" குளோரி அவள் கன்னத்தில் முத்தமிட்டாள். காய்ந்த கைலியும் சட்டையும் எடுத்து வந்து கோயில் முற்றத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

வேனிலிருந்து இறங்கியவரும் யேசுரத்தினம்தான். ஆனால் குளோரியின் கணவர் இல்லை, அவருடைய பெரியப்பா மகன். மூத்த பையனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் ஊர். அண்ணன் வீட்டிலும் தம்பி வீட்டிலும் ஒரே பெயர். ஒருவர் கரையேறியதும் அந்த வரி இருவரையும் நீக்கிவிட்டது. அது என்னத்தைக் கண்டது? இதே கரையில் பிறந்த பெபிஷாவுக்குத் தெரியாதா! கடலுக்குப் போனவர் பட்டியலில் அந்தப் பெயரை இரண்டு தரம் தட்டியதும் அவள் விரல்தான். மீதி பன்னிரண்டு வந்திருக்க வேண்டும், வந்தது பதினொன்று. பாவி, எண்ணிப் பார்க்கவில்லையே.

குளோரியின் கணவர் தனியாளாக வள்ளத்தில் போயிருந்த மேற்குப் பக்கம் அதுவரை ஒரு படகும் போகவில்லை. பதறிப்போய்ச் சொல்லியனுப்பினார்கள். மறுநாள்தான் கிடைத்தார். கவிழ்ந்த வள்ளத்தோடு தன்னைக் கயிற்றால் கட்டியிருந்தார். நேற்று மத்தியானம் வரைக்குமாவது உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

அடக்கம் முடிந்து பெபிஷா குளோரியின் காலடியில் போய் உட்கார்ந்தாள். குளோரி திட்டவில்லை.

"அஞ்சு மணிக்கூர் நான் சிரிச்சிட்டே இருந்தேன் மக்கா," என்றாள். "அந்நேரம் அவரு யாராவது வருவாங்கன்னு பாத்துட்டு கெடந்திருப்பாரு."