பதினேழாம் படிவம்

கரும்பலகையில் 2.9 என்று எழுதும்போதே சிவரூபிக்கு வயிறு எரிந்தது. அந்த இலக்கத்தைத் தன் கையாலேயே எழுத வேண்டி வந்ததுதான் பெரிய கொடுமை.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு. போரில் இடம்பெயர்ந்து வந்த பல்கலைக்கழகம் கிளிநொச்சியில் ஒரு நெல்லுக் களஞ்சியத்துக்குள் குடியிருந்தது. அங்கேதான் புதன்கிழமை தோறும் 'சமூக விஞ்ஞானங்களில் புள்ளிவிபரவியல்' கருத்தரங்கு. கூரையில் ஓட்டை. கல்குலேற்றருக்குப் பற்றறி இல்லை, பற்றறிக்குத்தான் அரசாங்கத்தின் தடையாயிற்றே! ஆனாலும் கருத்தரங்கு ஒரு கிழமைகூடத் தவறவில்லை. குண்டு போடுகிறவன் போடட்டும், நாங்கள் சராசரி காண்போம் என்கிற வீம்பு அது.

இந்தக் கிழமை முடிவைச் சொல்வது மாணவி சிவரூபியின் முறை. குளத்தடி முகாமில் அறுபது குடும்பங்களிடம் மாணவர்கள் வீட்டுக்கு ஒரு படிவமாகக் கேட்டு வந்த கேள்வி: "ஒரு நாளைக்கு எத்தனை நேரம் சாப்பிடுறீங்கள்?" சராசரி இரண்டு தசம் ஒன்பது. முன்வரிசைக் கதிரையில் இருந்த நிவாரண அலுவலகத்துக் கணபதி அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டார்.

"மூண்டு நேரமும் சாப்பிடுகினம் எண்டால் அரிசியைப் பாதியாக்கலாம். உங்கட இலக்கத்தைக் கடிதத்தில எழுதித் தாங்கோ."

பாதியாம்! சிவரூபியின் வீடும் அந்த முகாமில்தான் இருந்தது. மலையகத்திலிருந்து வந்து பளையில் தென்னந்தோட்டக் கூலிவேலை செய்த குடும்பம். தோட்டமும் போய் குடிசையும் போய் இங்கே வந்து சேர்ந்தது. பதினேழாம் படிவம் அவளுடைய அம்மா அழகம்மாவுடையது. கேட்கப் போனவள் கூட்டாளி டக்சாயினி. அம்மா சொன்ன விடை மூன்று. மத்தியானம் ஒருதரம் உலை வைத்தால் அன்றைக்கு அதோடு சரி என்பது மகளுக்குத் தெரியாதா?

கருத்தரங்குக்கு முதல்நாள் பின்னேரம்தான் அந்தப் படிவம் அவள் கண்ணில் பட்டது. நேரே அம்மாவிடம் சண்டைக்குப் போனாள்.

"ஏம்மா பொய் சொன்னீங்க?"

"வாசல் தேடி வந்த புள்ளகிட்ட, நாங்க பட்டினின்னு சொல்லச் சொல்றியா? நல்லா இருக்குடி ஒன் படிப்பு!"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அறுபது வீட்டிலும் இதுதான் நடந்திருக்கும். சாப்பிட்டீங்களா என்று கேட்டால் ஓம் என்று சொல்வதுதான் மரியாதை. இல்லை என்றால் வந்தவள் மனம் நோகும், சொன்னவளுக்கு மானம் போகும். படித்த கழுதைகள் எல்லாம் கூடி மரியாதையை அளந்துவிட்டு, அதற்குச் சாப்பாடு என்று பேர் வைத்திருந்தார்கள்.

கரும்பலகை முன்னால் நின்ற சிவரூபி துடைக்கத் துணி தேடவில்லை. உள்ளங்கையால் 2.9ஐ அழித்தாள்.

"இந்த இலக்கம் பிழை. இதை நான் எழுதித் தரமாட்டன்."

விரிவுரையாளர் அப்புத்துரை எழுந்தார். நல்ல மனிதர், ஆனால் கணக்கில் தாட்சண்யம் பார்க்காதவர். "பிள்ளை, ஆதாரம்?"

"பதினேழாம் படிவம் என்ர வீடு, சேர். அங்க ஒரு நேரம்தான் சாப்பாடு."

அவளுக்கு முகம் சுட்டது. அம்மா கட்டிக்காத்த மானத்தை ஐம்பது பேருக்கு முன்னால் போட்டு உடைத்துவிட்டாள். வெட்கமாகத்தான் இருந்தது. அதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்க அவள் தயாரில்லை.

"ஒரு வீட்டை வைச்சு அறுபதும் பிழையெண்டு சொல்லேலாது," என்றார் அப்புத்துரை. "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதமெண்டுறது குசினியில சரி. இங்க சரிவராது."

"பானையில சோறே இல்லை, சேர்!" என்றாள். பிறகு குரலைத் தணித்துக் கேட்டாள்: "காலமை சாப்பிட்டீங்களோ?"

"ஓம், சாப்பிட்டன்." கேட்ட கையோடு வந்தது பதில்.

"உங்கட வீட்டில கடைசியா எப்ப அடுப்பு மூட்டினது?"

அப்புத்துரையும் இடம்பெயர்ந்தவர்தான். மனைவி பிள்ளைகளோடு ஓர் ஓலைக் கொட்டிலில் இருந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"நேற்று மத்தியானம்," என்றார்.

அவர் கணபதியின் பக்கம் திரும்பினார். "இண்டைக்கு இலக்கம் இல்லை. நாங்கள் கேட்ட கேள்வி பிழை. பிள்ளையள் அறுபது வீட்டுக்கும் திரும்பப் போவினம்."

"நான் நாளைக்கு அறிக்கை அனுப்ப வேணும்!"

"இல்லாத இலக்கத்தை எப்பிடி ஐயா அனுப்புவீங்கள்?" என்றாள் சிவரூபி.

அன்று பின்னேரமே போனார்கள். பதினேழாம் கூடாரத்தின் முன்னால் டக்சாயினி கேட்டாள்: "அம்மா, நேற்று எத்தனை தரம் அடுப்பு மூட்டினீங்கள்?"

கருத்தரங்கில் நடந்த கதை அதற்குள் முகாமுக்கு வந்துவிட்டிருந்தது. அழகம்மா மகளை முறைத்தாள். சிவரூபி படிவத்தைப் பிடித்தபடி நின்றாள். தலை குனியவில்லை.

"ஒருக்கா," என்றாள் அழகம்மா. டக்சாயினியின் பேனையைப் பார்த்தாள். "ஒருக்கான்னு தடிப்பா எழுது புள்ள. அரிசியக் கொறைக்க வந்தவன் கண்ணுல படட்டும்."