மலையில் இத்தனை சுவர் எதற்கு

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. போன ஞாயிறு மலைப்பாதையில் எனக்கு முன்னால் ஒரு கணவன் மனைவி. அந்த மனிதர் கண்ணில் பட்ட சுவரையெல்லாம் நின்று நின்று தட்டினார். வழி விடவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அவரை மேஸ்திரி ஆக்கினேன், அந்த அம்மாவை நர்ஸ் ஆக்கினேன். நர்ஸுக்குப் பதவி உயர்வு, ஆனால் வேறு ஊரில். போவதென்று முடிவு செய்துவிட்டாள். புருஷனிடம் அதைச் சொல்லத்தான் மலைக்கு இழுத்து வந்திருக்கிறாள்.

2

காலைப் பனி மலையைப் போர்த்தி... வேண்டாம். பனியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இரு, இந்தப் பாலத்தைப் பாரு. கம்பி வெளிய தெரியுது. எந்தப் புண்ணியவான் கட்டினானோ!"

மேலே தண்ணீர்த் தொட்டி.

"என்னங்க..."

"கசியுது பாத்தியா?"

"நானும் தொட்டியாப் பொறந்திருந்தா ஒரு தடவை திரும்பிப் பாத்திருப்பீங்க."

(இங்கே ஒரு செல்போன் கோபுரம் எழுதி அடித்துவிட்டேன். இது மலையா, பொருட்காட்சியா?)

3

இவ்வளவு மரமண்டையா ஒரு மனிதன்? மேஸ்திரியை மாற்றி மாற்றி எழுதினேன். தேறவில்லை.

அடுத்தது, மண் சரியாமல் தாங்கும் கருங்கல் சுவர். மேஸ்திரி குனிந்து, தண்ணீர் வடியும் ஓட்டைக்குள் விரலை விட்டார்.

"ஏங்க, இது நீங்க கட்டினதுதானே?"

"ஆமா."

"போன மாசம் கட்டின சுவத்துல புதுசா என்னத்தப் பாக்கறீங்க?"

விரலை எடுக்காமல், சுவரிடமே பேசினார்.

"டிரான்ஸ்பர் விஷயம் உங்கண்ணன் சொல்லிட்டான்."

"தெரிஞ்சுகிட்டேவா இவ்வளவு நேரம்..."

"நீ சொல்லிட்டா நான் பதில் சொல்லணும்ல?"

இதை நான் யோசிக்கவே இல்லை.*

* சத்தியமாக. வாரம் முழுக்க அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவரோ ஒவ்வொரு சுவருக்குப் பின்னாலும் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறார்.

4

முடிவுக்கு வருவோம். "சந்தோஷமாப் போயிட்டு வா" என்கிறார். பொய். அவருக்கு அவ்வளவு சீக்கிரம் மனசு வராது.

அவள் போகவில்லை. எழுதினேன், அடித்தேன். என்னைச் சும்மா விடமாட்டாள்.

அவரும் கூடவே... அங்கே அவரை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்?

போங்கள். உச்சியில் வெறும் பாறை. ஒரு செங்கல்கூட நான் வைக்கவில்லை. மேஸ்திரிக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"போறேங்க" என்றாள் அவள்.

அவர் வாயைத் திறக்கிறார்.

எனக்கு முட்டி வலி, நான் இறங்குகிறேன். படிக்கிற நீங்கள் பக்கத்தில்தானே நிற்கிறீர்கள், கேட்டுக்கொள்ளுங்கள். பாவம் பார்த்து அங்கே ஒரு சுவரை மட்டும் எழுப்பிவிடாதீர்கள்.