முட்டிக்கு மேலே நான்கு விரல்

யில்டோவின் காலில் முதல் ரத்தக்கட்டை நான் பார்த்தது ஒரு புதன்கிழமை மாலை, அவளைக் குளிக்க வைக்கும்போது. வலது தொடையின் உள்பக்கம், முட்டிக்கு மேலே நான்கு விரல் தள்ளி இருந்தது. பிளம் பழத் தோலின் நிறம்.

"எங்க இடிச்சுக்கிட்ட?"

"எங்கயும் இல்ல."

"இடிக்காம எப்படி வரும்?"

"உனக்கு எல்லாம் தெரியணுமா ஹிஸ்கே? தண்ணி ஆறுது, ஊத்து."

என் தங்கைக்கு எட்டு வயது. ஐந்தரை வயதில் அவளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. இரண்டு வருடம் மருந்து கொடுத்தார்கள். அது முடிந்து பத்து மாதம் ஆகிறது. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறாள்.

அப்போதும் இப்படித்தான் தொடங்கியது. கணுக்காலில் காசளவு நீலம். அதைப் பார்த்து அம்மாவிடம் சொன்னது நான்தான். மூன்றாம் நாள் யில்டோவை இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள பெரிய மருத்துவமனையில் படுக்க வைத்தார்கள். நான் சொன்னதால் நோய் வரவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் வாயைத் திறக்கும்வரை அது எங்கள் வீட்டில் இல்லை. திறந்த பிறகு இருந்தது.

அந்த வருடங்களில் வெளியிலிருந்து கிருமி எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாதென்று நான் பள்ளிக்குப் போகாமல் இருந்தேன். பிறகு போகலாம் என்றார்கள். அதற்குள் எனக்கு யாரோடும் பேசும் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

இந்த முறை நான் சொல்லவில்லை. அடுத்த பரிசோதனைக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. எப்படியும் ரத்தம் எடுப்பார்கள். அதுவரையாவது அம்மா தூங்கட்டும் என்று நினைத்தேன். பக்கங்கள் மிச்சமிருந்த பழைய கணக்கு நோட்டில் தேதி போட்டு எழுதினேன்: வலது தொடை, உள்பக்கம், இரண்டு சென்டிமீட்டர்.

சனிக்கிழமை இடது தொடையிலும் அதே இடத்தில் ஒன்று. இரண்டு கணைக்கால்களிலும் மங்கலாகச் சில. அடுத்த புதன்கிழமை மொத்தம் ஏழு.

அன்று ஆறு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது யில்டோ உருளைக்கிழங்கு மசியலில் முள்கரண்டியைக் குத்தியபடியே தூங்கிப்போனாள். அப்பா சிரித்தார்.

"பாரு, பால் லாரி ஓட்டுறது நான். அசதி இவளுக்கு."

அம்மாவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் முறை நோய் வந்தபோதும் அவள் மேசையில்தான் தூங்கினாள்.

எங்கள் மாடிப்படிக் கைப்பிடியில் யில்டோவின் மணிமாலை தொங்குகிறது. மருத்துவமனையில் ஒவ்வொரு ஊசிக்கும், ஒவ்வொரு மயக்க மருந்துக்கும், முடி கொட்டியதற்கும் ஒரு மணி கொடுத்தார்கள். கீழ்ப்படிவரை வரும் அந்த மாலையின் கடைசியில் இருப்பது பூ மணி. சிகிச்சை முடிந்ததற்கு. அதற்குப் பிறகு எதையும் கோர்க்க முடியாதபடி அம்மா நூலின் முனையை முடிச்சிட்டுத் தீயில் உருக்கிவிட்டாள். பரிசோதனைக்குத் தரும் மணிகள் ஒரு ஜாம் குப்பியில் கிடக்கின்றன. அந்தப் படியில் ஏறும்போதெல்லாம் நான் பூ மணியைப் பார்க்காமல் ஏறினேன்.

வெயில் வந்துவிட்டதென்று அம்மா யில்டோவுக்கு மஞ்சள் அரைக்கால் சட்டை ஒன்று வாங்கி வந்தாள்.

"போட மாட்டேன்."

"ஏன்டி? போன வருஷம் இதுக்குத்தானே அழுத?"

"கால் குளுருது."

"மே மாசத்துல குளுருதா? ஹிஸ்கே, உன் தங்கச்சி கிழவி ஆயிட்டா!"

யில்டோ என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவளுக்கும் தெரிந்திருக்கிறது, பயந்துபோய் மறைக்கிறாள் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை நால்வரும் காரில் போனோம். அப்பா எப்போதும் கார் நிறுத்துமிடத்திலேயே இருந்துவிடுவார். ரேடியோ கேட்கிறேன் என்பார். அந்த நீளமான தாழ்வாரத்தை அவரால் இன்னொரு முறை நடக்க முடியாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"அப்பா, இன்னைக்கு நீங்களும் மேல வாங்க."

"எதுக்கு?"

"சும்மா."

நான் யாரிடமும் எதையும் கேட்பவள் இல்லை. அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாவியைத் திருகி எடுத்தார்.

முதலில் ரத்தம் எடுத்தார்கள். யில்டோ முகத்தைக்கூடத் திருப்பவில்லை, ஊசி போட்ட செவிலியிடம், "மணி எங்க? ஏமாத்தப் பாக்காதீங்க," என்று கை நீட்டினாள். பிறகு டாக்டர் லூர்ஸின் அறை. அவர் யில்டோவின் கழுத்தைத் தடவிப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"பேன்ட்டக் கழட்டுறியா யில்டோ?"

"வேணாம்."

"அட, புதுசா இருக்கே. எப்பவும் நீ கழட்டித் தூக்கி எறிவியே?"

அம்மாவே குனிந்து பேன்ட்டைக் கீழே இழுத்தாள். இழுத்தவள் அப்படியே நின்றாள். குழாய் விளக்கின் வெளிச்சத்தில் எல்லாமே தெரிந்தன. மஞ்சளாகிப்போனவை, பச்சையோடியவை, முந்தாநாளைய கருநீலம்.

"இது எப்ப வந்துச்சு?" அம்மாவின் குரல் அவள் குரலாகவே இல்லை. "யில்டோ, எப்ப?"

யில்டோ உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டாள்.

நான் பையிலிருந்து நோட்டை எடுத்து டாக்டரிடம் நீட்டினேன். அவர் படித்தார். அம்மா அவர் தோளுக்கு மேலாகப் படித்தாள். முதல் தேதியைப் பார்த்ததும் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுதப்போவதில்லை.

"புதன், சனி, புதன், சனி," என்றார் டாக்டர் தனக்குத்தானே. "நடுவுல புதுசா ஒண்ணும் இல்ல."

கதவோரம் நின்றிருந்த அப்பா மெல்ல வந்து யில்டோவின் முன்னால் மண்டியிட்டார். தன் கையை அவள் தொடையில் வைத்தார். நான்கு விரல். பிறகு மறு தொடையில். அதே நான்கு விரல். அவர் காது மடல்கள் சிவந்தன.

"கழி யாரோடது?" என்றார்.

யில்டோவின் கண்கள் விரிந்தன.

"யாரோடதுடி?"

"மார்யாவோட அண்ணனோடது," என்றாள் தரையைப் பார்த்து.

"எந்த வாய்க்கா?"

"அவங்க பண்ணைக்குப் பின்னாடி... சின்னது... அப்புறம் அந்தப் பெருசு."

புதனும் சனியும் மதியத்தில் பள்ளி கிடையாது. அந்த மதியங்களில் வகுப்புத் தோழி மார்யா வீட்டில் விளையாடுவதாகச் சொல்லிவிட்டு, வாய்க்கால் நடுவே கழியை ஊன்றி, அதைக் கால்களால் கவ்வி ஏறி, அக்கரைக்குத் தாவியிருக்கிறாள். எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த எல்லாப் பிள்ளைகளும் தாவுவார்கள். அவளுக்கு மட்டும் தடை. அழுக்குத் தண்ணீர், கிருமி, மருந்து ஏற்ற நெஞ்சில் தோலுக்கடியில் வைத்திருந்த குமிழை எடுத்த தழும்பு. தடை போட்டவள் அம்மா.

"சின்ன வயசுல எனக்கும் இதே இடத்துலதான் கன்னிப்போகும்," என்றார் அப்பா. "கழி அவ உசரத்துக்கு ரொம்ப நீளம். அதான் இவ்வளவு."

அம்மா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். "அப்ப ஒண்ணுமில்லையா டாக்டர்?"

டாக்டர் லூர்ஸ் நோட்டை மூடினார். "காரணம் அதுவா இருக்கலாம். ஆனா ரத்தம் பாக்காம ஒண்ணுமில்லைன்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு மணி நேரம் உக்காருங்க."

அந்த ஒரு மணி நேரம்தான் கொடுமை. காரணம் கிடைத்துவிட்டது, பயம் போகவில்லை. கழியும் உண்மையாக இருக்கலாம், நோயும் உண்மையாக இருக்கலாம். மேசையில் தூங்கியது எதனால்? காத்திருக்கும் அறையில் மீன்தொட்டி இருந்தது. அதில் ஒரு மீன் ஒரே மூலையில் நின்றுகொண்டிருந்தது. அது நகர்ந்தால் நல்லது என்று வைத்துக்கொண்டேன். நகரவில்லை.

"ரெண்டு தடவ உள்ள விழுந்துட்டேன்," என்றாள் யில்டோ அப்பாவிடம், குரலைத் தாழ்த்தி. "துணிய மார்யா வீட்டுல காய வச்சோம். வாயெல்லாம் பாசி."

"முழுங்கினியா?"

"கொஞ்சமா."

அப்பா சிரிப்பை அடக்கியதில் தோள் குலுங்கியது. அம்மா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்:

"பன்னெண்டு நாளும் தனியாவா வச்சிருந்த?"

"நீ தூங்கிட்டு இருந்தியே."

"எழுப்பியிருக்கணும்டி."

"போன தடவ நான்தான் சொன்னேன்."

அம்மா முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. என் மணிக்கட்டைப் பிடித்தாள், வலிக்கும்படி. விடவேயில்லை.

கதவு திறந்தது. டாக்டர் லூர்ஸ் உட்காரக்கூட இல்லை. "பிளேட்லெட் நல்லா இருக்கு. வெள்ளை அணுவும் சரியா இருக்கு. இது வாய்க்கா அடிதான்." பிறகு யில்டோவிடம், "காயம் பட்டா சோப்புப் போட்டுக் கழுவணும். பாசி முழுங்கக் கூடாது. அதுக்கெல்லாம் நான் மணி தர மாட்டேன்."

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

வீடு வரும்வரை காரில் அம்மா ஒரே ஒரு முறைதான் பேசினாள். "கழிய வெட்டிக் குடுங்க," என்றாள் அப்பாவிடம். "தாவத்தான் போறா. அவ உசரத்துக்கு இருக்கட்டும்."

சனிக்கிழமை மதியம் நாங்கள் மூவரும் கரையில் நின்றோம். யில்டோ மஞ்சள் அரைக்கால் சட்டையில் ஓடிவந்து தாவினாள். கழி வாய்க்கால் நடுவே செங்குத்தாக நின்றது. எந்தப் பக்கமும் சாயவில்லை. அம்மா இரு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கழி அக்கரைப் பக்கம் சாய்ந்தது. யில்டோ முட்டிகளில் விழுந்து எழுந்து, "பாத்தியா ஹிஸ்கே? பாத்தியா?" என்று கத்தினாள்.

அன்று குளித்து முடித்ததும் அம்மா அந்தக் கணக்கு நோட்டைக் கொண்டுவரச் சொன்னாள். யில்டோவை நாற்காலியில் நிற்க வைத்தாள்.

"வலது முட்டி, புதுசு. எழுது, வாய்க்கா."

எழுதினேன்.

"இடது முழங்கை, சிராய்ப்பு. வாய்க்கா."

எழுதினேன்.

அம்மாவின் விரல் இடது கணுக்காலுக்கு மேல் நின்றது. காசைவிடச் சின்னதாக ஒரு நீலம்.

"இது எங்க பட்டுச்சு?"

யில்டோ குனிந்து பார்த்தாள். மறைக்கும் முகம் இல்லை. "தெரியலம்மா. எங்கயாச்சும் பட்டிருக்கும்."

அம்மா விரலை எடுக்கவில்லை. துண்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த பரிசோதனைக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது.

"எழுது," என்றாள் கடைசியில். "தெரியலன்னு எழுது. நாளைக்கு நாம ரெண்டு பேரும் சேந்து பாப்போம்."