ரேலீனின் விடைத்தாள்

ஹெட்மாஸ்டர் ராட்லிஃப் பன்றிக்குட்டிக்கு முத்தம் கொடுத்தார். வேறு வழியில்லை மனுஷனுக்கு. மாநிலத் தேர்வில் பள்ளிக்கூடம் 'தேறாத பள்ளிகள்' பட்டியலிலிருந்து வெளியே வந்துவிட்டால் பன்றிக்கு முத்தம் கொடுக்கிறேன் என்று மார்ச் மாதமே, எல்லாப் பிள்ளைகளையும் கூட்டி வைத்து, மைக்கில் சொல்லித் தொலைத்திருந்தார். வெளியே வந்தேவிட்டது. கழுத்தில் நீல ரிப்பன் கட்டிய குட்டி, அவர் வாய் கிட்டே வந்ததும் வீலென்று கத்தியது. பிள்ளைகள் அதற்கு மேல் கத்தின. சமையல்கட்டுப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

நெல்டா டாக்கெட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாம் வகுப்பு டீச்சர் அவள். பத்தொன்பது வருஷமாக அதே வகுப்பு, அதே அறை. பள்ளிக்கூடத்தைக் கரையேற்றியதே அவள் வகுப்பு மார்க்குதான்.

"நம்ம நெல்டா டீச்சருக்கு ஒரு பெரிய கைதட்டு!" என்று ராட்லிஃப் உதட்டைத் துடைத்துக்கொண்டே கத்தினார்.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்று, கை சிவக்கத் தட்டினாள். ரேலீன் ஸ்லோன். ஒன்பது வயசு, முன்பல் ஒன்று பாதிதான் முளைத்திருந்தது. நெல்டா வகுப்புதான். அவள் மூன்று மார்க்கில் தேறாமல் போனது அவளுக்கு இன்னும் தெரியாது. நாளைக் காலையில் அவள் அப்பா வந்து ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால், கூடப் படித்ததுகளெல்லாம் நாலாம் வகுப்புக்குப் போக, இவள் மட்டும் மறுபடி மூன்றாம் வகுப்பு. அந்தப் பிள்ளை தனக்காகக் கைதட்டுவதைப் பார்க்க முடியாமல் நெல்டா குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோல் நின்றாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

நடந்தது இதுதான். ஜனவரியில் ஒரு மாதிரித் தேர்வு வைத்தார்கள். நாற்பது கேள்வி, ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். மார்க் வந்ததும் ஆசிரியர் அறைச் சுவரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை ஒட்டினார்கள். நிச்சயம் தேறும் என்றால் பச்சை. கொஞ்சம் தூக்கிவிட்டால் தேறிவிடும் என்றால் மஞ்சள். அதற்கும் கீழே போனால் சிவப்பு.

"இங்க பாருங்க நெல்டா," என்றார் ராட்லிஃப். அவளைவிடப் பத்து வயசு சின்னவர். "பச்சை தானா தேறிடும். சிவப்பு என்ன பண்ணாலும் தேறாது. நம்ம பொழப்பு மஞ்சள்ல இருக்கு. மஞ்சளைப் பிடிங்க, மத்ததை விடுங்க."

"கேக்கவே கேவலமா இருக்கு சார்."

"கேவலந்தான். ஸ்கூலை மூடிட்டாங்கன்னா? இந்தப் பொடிசுங்க மலையைச் சுத்தி ஒரு மணி நேரம் பஸ்ல போகும். அது மட்டும் கேவலமில்லையா?"

மறுநாளே மஞ்சள் பிள்ளைகள் ஆறு பேரை, வகுப்பு மூலையில் அவரைவிதைபோல் வளைந்த மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். உள்வளைவில் அவள், சுற்றி ஆறு நாற்காலி. தினம் ஒன்றரை மணி நேரம் அந்த ஆறு பேரோடு மல்லுக்கட்டினாள். சிவப்புகள் பின்வரிசையில், காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால். கம்ப்யூட்டர் கேட்கும், அதுகள் அமுக்கும். அதற்குப் பேர் பாடம்.

ரேலீன் மார்க் பதினொன்று. அட்டை சிவப்பு.

ஒருநாள் அவள் மெதுவாக வந்து நெல்டாவின் முழங்கையைத் தொட்டாள். "டீச்சர், நான் எப்ப அந்த மேசைக்கு வரணும்?"

"நீ பெரிய பொண்ணுடா தங்கம். உனக்கு நான் பக்கத்துல உக்காரணும்னே இல்ல. நீயே பண்ணிடுவ."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணோ முகம் பூரித்துத் தன் இடத்துக்குப் போனாள்.

இதுவரை நடந்ததற்கு ராட்லிஃபைக் கைகாட்டலாம், மேலதிகாரிகளைத் திட்டலாம், யாரை வேண்டுமானாலும் சொல்லலாம். இனிமேல் சொல்லப்போவது நெல்டா தனியாகச் செய்தது.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம், பிள்ளைகள் விளையாடப் போயிருந்த நேரம், அவள் பழைய விடைத்தாள்களைக் கோப்பில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ரேலீன் தாளில் நாற்பதாம் வரி காலியாக இருந்தது. எதையுமே காலியாக விடாத பிள்ளை ஆயிற்றே, தெரியாவிட்டாலும் ஒன்றைக் கறுப்பாக்கி வைக்குமே என்று யோசித்தாள். கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தாள். ஏழாம் கேள்வியை ரேலீன் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தாண்டியிருக்கிறாள். விடைத்தாளில் அந்த வரியைத் தாண்ட மறந்துபோயிருக்கிறாள். எட்டாம் கேள்விக்கான விடை ஏழாம் வரியில். ஒன்பதாவது எட்டில். கடைசிவரை அப்படியே ஒரு வரி தள்ளித் தள்ளிப் போயிருக்கிறது.

ஏழாம் வரியிலிருந்து சரியான விடைகளின் பட்டியலை ஒரு வரி மேலே நகர்த்தி வைத்து எண்ணினாள். இருபத்தாறு. தேர்ச்சிக்கு இருபத்தெட்டு. பளிச்சென்று மஞ்சள்.

அப்போதே எழுந்து போய் ராட்லிஃபிடம் சொல்லியிருக்கலாம். பத்து நிமிஷ வேலை. ஆனால் தாள்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவளே அவள்தான். பட்டியல் மேலே போய்விட்டது. மேசையில் ஆறு நாற்காலிதான். ஏழாவதாக ஒன்றை இழுத்துப் போட்டால் ஏன், எதற்கு என்று கேள்வி வரும். பத்தொன்பது வருஷத்தில் அவள் பேரில் ஒரு புகார் கிடையாது. நாளைக்குச் சொல்லலாம் என்று தாளைக் கீழ் இழுப்பறையில் வைத்தாள். நாளைக்கு, நாளைக்கு என்றே ஏப்ரல் வந்துவிட்டது. அப்புறம் தேர்வும் முடிந்துவிட்டது. மஞ்சள் ஆறும் தேறின. யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஹெட்ஃபோனோடு தனியாக மல்லாடிய ரேலீன் மூன்று மார்க்கில் நின்றுபோனாள். அந்த மேசையில் ஒரு மாதம் உட்கார்த்தியிருந்தால் அந்த மூன்று மார்க் வந்திருக்காதா? வந்திருக்கும். நெல்டாவுக்கே தெரியும், யாரை ஏமாற்றுவது!

மறுநாள் காலை டென்வர் ஸ்லோன் வந்தார். ஜல்லி லாரி ஓட்டுகிறவர். உள்ளே வந்ததும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். ரேலீனை வெளியே வராந்தாவில் உட்காரவைத்திருந்தார்.

"வீட்டுக்காரி குடுத்தனுப்பினா," என்று ஒரு ஜாடி பிளாக்பெர்ரி ஜாமை மேசைமேல் வைத்தார். "எங்க பாப்பாவால உங்களுக்குத்தான் கஷ்டம் டீச்சரம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வம்சத்துக்கே படிப்பு ஏறாது. நானே இதே ஸ்கூல்ல மூணாம் கிளாஸ் ரெண்டு தடவை."

"அப்படியெல்லாம் இல்ல மிஸ்டர் ஸ்லோன்..."

"அவளுக்கு நீங்கன்னா உசுரு. 'டீச்சர் என்னைத் தனியா உக்கார வைக்கிறாங்கப்பா, நானே பண்ணிடுவேன்னு அவங்களுக்குத் தெரியும்'னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறா. அதனால ஒண்ணு கேக்கலாமா? அடுத்த வருஷமும் உங்க கிளாஸ்லயே போட்டுருங்க. வேற டீச்சர்னா அழுவா." பேனாவை எடுத்தார். "எங்க கையெழுத்துப் போடணும்?"

நெல்டாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். விரலை வைத்து, ஏழாம் வரியிலிருந்து ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

அவர் இரண்டு முறை கேட்டுத்தான் புரிந்துகொண்டார்.

"அப்ப... இவ மக்கு இல்ல?"

"இல்ல. மேசைக்கு வந்திருக்க வேண்டிய பொண்ணு. நான்தான் கூப்பிடல."

"இது எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"பிப்ரவரில."

"இப்ப மே."

"ஆமா."

டென்வர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். கத்துவார், மேசையைத் தட்டுவார் என்று நெல்டா காத்திருந்தாள். திட்டி எழுந்து போயிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"வர்ற வழியில லாரில வச்சுச் சொன்னேன், நீ தேறலன்னு," என்றார். "'அப்பன் மாதிரியே மண்டு'ன்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். அவளும் சிரிச்சா." கண்ணைத் துடைக்காமல் பேசினார். "எங்கப்பன் என்கிட்ட சொன்னதை நான் அவகிட்ட சொன்னேன். நல்லாருக்கு டீச்சரம்மா. ரொம்ப நல்லாருக்கு."

"இதுல நீங்க கையெழுத்துப் போட வேணாம், நானும் போடமாட்டேன்," என்றாள் நெல்டா. "நடந்ததை அப்படியே எழுதி மேல அனுப்புறேன். அவளை நாலாங்கிளாஸுக்கு அனுப்பச் சொல்லி எழுதுறேன். என்னை என்ன பண்ணுவாங்களோ பண்ணட்டும்."

"அது பேப்பருக்கு." அவர் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார். "என்கிட்டயும் சொல்ல வேணாம். அவகிட்ட சொல்லுங்க."

கதவைத் திறந்து, "பாப்பா, உள்ள வா," என்றார்.

ரேலீன் நேராக டீச்சர் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து, வழக்கம்போல் அவள் முழங்கையில் சாய்ந்துகொண்டாள். கண் கொஞ்சம் வீங்கியிருந்தது. நெல்டா தாளைக் காட்டினாள். ஏழாம் வரி, எட்டாம் வரி. சின்ன விரல் ஒவ்வொரு வட்டமாக இறங்கிக்கொண்டே போயிற்று. பெரியவருக்கு இரண்டு முறை சொன்னது இவளுக்கு ஒரே முறையில் புரிந்தது.

"அப்ப நான் சரியாத்தான் போட்டிருந்தேனா?"

"சரியாத்தான் போட்டிருந்த. இருபத்தாறு."

"இருபத்தாறா! அப்பா, இருபத்தாறுப்பா! நான் மண்டு இல்ல!"

டென்வர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஐயோ டீச்சர்," என்று ரேலீன் சிரித்தாள். அப்புறம் டீச்சர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் அவளுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். முழங்கையைத் தட்டிக்கொடுத்தாள். "பரவால்ல டீச்சர். என்னை மேசைக்குக் கூப்பிட மறந்துட்டீங்க, அவ்வளவுதான? நானும் மறந்துதான வரி மாத்திப் போட்டேன்."

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். அத்தோடு முடிந்துவிடும். இந்தப் பிள்ளை நம்பிவிடும், சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் சொல்லியும்விடும். ஜன்னல் பக்கம் நின்றவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"இல்ல கண்ணு," என்றாள் நெல்டா. "மறக்கல. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உன்னைக் கூப்பிடல."

ரேலீன் டீச்சர் முழங்கையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். விடைத்தாளை எடுத்து நாலாக மடித்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, மேசையைச் சுற்றி அப்பா பக்கம் போய் நின்றாள்.