மைனஸ் பதினெட்டில் பெண் பார்த்தல்

"முதல் லைற்றை நிப்பாட்டு, பிள்ளை. பற்றரி செத்துப்போகும்," என்றாள் கைபேசித் திரையில் இருந்த மகாதேவி.

"நிப்பாட்டிட்டன், மாமி."

"மைனஸ் எத்தினை?"

"பதினெட்டு."

"உது எங்களுக்கு வசந்தகாலம்."

கோபிகா பல் கிடுகிடுக்கச் சிரித்தாள். பருத்தித்துறை ஐஸ் கொம்பனியின் குளிர் அறைக்குள், அடுக்கியிருந்த அறக்குளா மீன்களுக்கு நடுவே ஒரு பழைய ஒஸ்ரின் காரில் அவள் உட்கார்ந்திருந்தாள். நடந்துகொண்டிருந்தது பெண் பார்க்கும் சடங்கு. பாட்டுப் பாடச் சொல்லுகிற காலமெல்லாம் போய்விட்டது. கனடாக் குளிரில் காரை ஸ்ராட் பண்ணத் தெரியாத மருமகள் தனக்கு வேண்டாம் என்று மகாதேவி அங்கிருந்தே அறிவித்திருந்தாள். அவளுடைய மகன் சுபாங்கனோடு கோபிகா இரண்டு வருடமாகத் தொலைபேசியில் கதைத்து வருகிறாள். அவனை விட்டுவிட அவளுக்கு மனமில்லை. அதனால் நேற்று மத்தியானம் ஆறு பேர் சேர்ந்து காரை உள்ளே தள்ளிவிட்டிருந்தார்கள்.

சாவியைத் திருப்பினாள். கார் ஒரு தரம் முனகியது. மறுபடி திருப்பினாள். முனகலும் இல்லை.

"என்ன ஓயில் விட்டனீங்கள்?"

சால்வையால் காதைக் கட்டிக்கொண்டு கதவடியில் நின்ற அவளுடைய தகப்பன் கனகலிங்கம் நெஞ்சை நிமிர்த்தினார். "இருபது டபிள்யூ ஐம்பது. நல்ல தடிப்பு, தங்கச்சி."

"பூச்சியம் டபிள்யூ இருபது எண்டெல்லே சுபாங்கன் எழுதி அனுப்பினவன்? குளிருக்கை தண்ணி மாதிரி ஓடவேணும்!"

"நல்ல காரியத்தைப் பூச்சியத்திலை தொடங்கச் சொல்லுறியளே? நான் மொய்க்காசு மாதிரி ஐம்பத்தொண்டு கேட்டு யாழ்ப்பாணம் முழுக்க அலைஞ்சனான். கடைக்காரர் சிரிச்சாங்கள்."

கோபிகா இறங்கி, ஓயில் பார்க்கும் கம்பியை உருவினாள். ஓயில் தொதல் அல்வா போல ஒட்டிக்கொண்டு வந்தது.

"வெளியிலை வெயிலுக்குத் தள்ளினால் இப்பவே ஸ்ராட் வரும், மாமி."

"இஞ்சை வெயிலை ஆர் கொண்டுவந்து தாறது? பெயில்."

தாயின் தோளுக்குப் பின்னால் கம்பளி போர்த்தியபடி சுபாங்கன் நின்றான். கனகலிங்கம் மீன்பெட்டியொன்றில் மெல்ல உட்கார்ந்தார்.

கோபிகா கைபேசித் திரையில் படிந்த பனியைப் பெருவிரலால் துடைத்தாள்.

"சுபாங்கன், இஞ்சை எல்லாக் காரும் ஒரு திருப்பிலை ஸ்ராட் வரும். நீங்கள் இஞ்சை வந்து இருங்கோவன்."