பஞ்சு குதித்த காட்சி

எண்ணெயில் நனைத்த துணியால் தம்பியின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள் அக்கா. சாயம் லேசில் போவதாக இல்லை. கன்னத்தில் அப்பியிருந்த வெள்ளை மாவு எண்ணெய் பட்டதும் குழைந்து காதோரம் வழிந்தது. உதட்டுச் சிவப்பு தேய்க்கத் தேய்க்க வாயைச் சுற்றிப் பரவியது. இமை மேல் இழுத்திருந்த மைக்கோட்டுக்கு வந்ததும் கை தயங்கியது. கண்ணில் எண்ணெய் பட்டால் எரியுமே. இனி எரியாது என்பது பிறகுதான் உறைத்தது. உறைத்த பிறகும் அவள் மெதுவாகத்தான் துடைத்தாள்.

படக்கம்பெனி வண்டியில் கொண்டுவந்து கூடத்தில் கிடத்திவிட்டுப் போயிருந்தார்கள். எரிகிற வீட்டின் மாடி ஜன்னலிலிருந்து, கீழே நிற்கும் வைக்கோல் வண்டிக்குள் கதாநாயகி குதிக்கும் காட்சி. கதாநாயகி குதிக்க மாட்டாள். அவளுடைய வெள்ளைக் கவுனையும் நீளமான பொய்முடியையும் மாட்டிக்கொண்டு இவன் குதிப்பான். மெலிந்த உடம்பு, சின்ன இடுப்பு. எந்தக் கதாநாயகி எங்கே விழுந்தாலும் அது இவன்தான். விழும்போது சத்தமே வராது என்று கம்பெனியில் இவனுக்குப் பஞ்சு என்று பெயர் வைத்திருந்தார்கள். முதல் தடவை நன்றாகவே குதித்தான். பாதியில் பொய்முடி கழன்று பறந்துவிட்டதால் மறுபடி எடுக்கவேண்டியதாயிற்று. அந்தத் தடவை புகை மண்டி, வண்டியில் பூட்டியிருந்த குதிரை மிரண்டு நகர்ந்தது. அதற்குள் அவன் ஜன்னலை விட்டிருந்தான். கீழே கல் தரை.

அம்மா அவன் காலடியில் உட்கார்ந்து பாதங்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகத்தை இன்னும் பார்க்கவில்லை. "அந்தக் கண்றாவியத் தொடச்சிட்டுக் கூப்பிடு" என்று சொன்னதோடு சரி.

கம்பெனித் தையல்காரர் வாசலிலேயே நின்றார். வந்தவர்களெல்லாம் உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியும் அவர் நகரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் அக்காதான் எழுந்துபோய் என்ன என்று கேட்டாள்.

"உடுப்பும்மா."

"என்ன உடுப்பு?"

"அந்தக் கவுன். ஒண்ணே ஒண்ணுதான் தைச்சது. நாளைக்கு அந்தப் பொண்ணு வைக்கோல்ல இருந்து எழுந்திரிக்கிற மாதிரி எடுக்கணுமாம். நான் முடியாதுன்னுதாம்மா சொன்னேன்..."

பக்கத்து வீட்டுக்காரி பாய்ந்து வந்தாள். "நீங்கள்லாம் மனுசங்களா? பொணத்து மேல இருக்கிறத உருவிட்டுப் போக வந்தியா?"

தையல்காரர் தலையைத் தூக்கவில்லை. அக்கா அவளைக் கையமர்த்தினாள். கவுனை எப்படியும் கழற்றியாக வேண்டும். கத்தரிக்கோலை எடுத்து வந்திருந்தாள். அதைக் கீழே வைத்தாள். முதுகுப் பக்கத்துக் கொக்கிகளை ஒவ்வொன்றாக விடுவித்தாள். வலது கை முழங்கைக்கு மேல் எந்தப் பக்கமும் திரும்பியது. சட்டைக்கையிலிருந்து அதை வெளியே எடுக்கும்போது, சின்ன வயதில் குளிப்பாட்டி உடை மாற்றுகையில் அவன் வேண்டுமென்றே உடம்பைத் தளர்த்திக்கொண்டு தொங்குவானே, அப்படித் தொங்கியது. "ஒழுங்கா நில்லுடா" என்று அப்போது அதட்டுவாள். வாய்வரை வந்தது.

கவுனின் பின்கழுத்து முழுக்க ரத்தம் ஊறியிருந்தது. அதை உள்பக்கமாக மடித்துச் சுருட்டிக் கொடுத்தாள்.

"நான் அலசிக்கிறேம்மா" என்றார் தையல்காரர். சொல்லிவிட்டு அழுதார். அழுதுகொண்டே வேகமாக நடந்து போனார்.

கேமராக்காரன் சாயங்காலம் அடக்கத்துக்கு ஆட்கள் கூடுகிற நேரத்தில் வந்தான். பஞ்சுவுக்கு அவன்தான் நெருக்கம். இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். வந்தவன் சுவரோடு சுவராக நின்றான். வலது கையை இடது கையால் அழுத்திப் பிடித்திருந்தான்.

"நிறுத்தினியா?" என்று கேட்டாள் அக்கா.

அவனுக்குப் புரிந்தது. கம்பெனியில் எல்லாம் கையால் சுற்றுகிற கேமராதான். கை நின்றால் படமும் நிற்கும்.

"இல்லக்கா."

"கடைசி வரைக்குமா?"

"கை நிக்கலக்கா. கீழ விழுந்துட்டான், எல்லாரும் ஓடுறாங்க, எனக்குத் தெரியுது. ஆனா கை அது பாட்டுக்குச் சுத்துது. முதலாளி வந்து என் தோளப் பிடிச்சு உலுக்கினாரு. அப்புறந்தான்..."

அக்கா மறுபடி எண்ணெய்த் துணியைக் கையில் எடுத்தாள். கம்பெனியில் படச்சுருளை வெட்டி ஒட்டுகிற வேலை அவளுடையது. அவன் சுற்றியதெல்லாம் கடைசியில் தன் மேசைக்குத்தான் வரும் என்பது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

முகம் சுத்தமானதும் அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா தலைமாட்டுக்கு வந்து குனிந்து பார்த்தாள். கண்ணோரத்தில் மை இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதைத் தன் பெருவிரலால் துடைத்தாள். பிறகு நிமிர்ந்து மகளைப் பார்த்து, எல்லோரும் கேட்கும்படி, சாதாரணக் குரலில் சொன்னாள்: "நீதானே கூட்டிட்டுப் போனே."

உண்மைதான். மரப்பட்டறையில் வேலை செய்தவனை, இங்கே வந்தால் வெயிலில் நின்று கூத்தடித்துவிட்டு வரலாம் என்று சொல்லி அழைத்துப் போனவள் அவள். அப்போதெல்லாம் சினிமா என்றாலே ஊரார் முகம் சுளிப்பார்கள். அம்மாவும் சுளித்தாள். அக்காதான் சமாதானம் சொன்னாள்.

அதற்குப் பிறகு அம்மா மகளோடு பேசவில்லை. அடக்கம் முடிந்து வந்த பிறகும், துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஓய்ந்த பிறகும். ஒரே அடுப்பு, ஒரே பானை. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அம்மா போய்ப் படுத்துக்கொள்வாள். ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வாள். அவள் வந்து சொல்லுவாள்.

சுருள் மேசைக்கு வந்தது. முதலாளியே தகர டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். படம் எடுப்பவரும் அவர்தான், கதை எழுதுபவரும் அவர்தான். வேறு யாரையாவது ஒட்டச் சொல்லலாமா என்று கேட்டார். வேறு யாரும் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

"நானே பண்றேன்."

"சரிம்மா. ஒண்ணு மட்டும். எவ்வளவு முடியுமோ அவ்வளவு கீழ வரைக்கும் விடு. தரைக்குச் சாண் ஒசரம் இருக்கறப்ப வெட்டினாப் போதும். இப்படி ஒரு குதி இனி யாருக்கும் கிடைக்காது. கொட்டகையில மூச்சு விட மாட்டாங்க."

"போஸ்டர்ல அவன் பேர் வருமா ஐயா?"

முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பினார். "கதாநாயகிதான் குதிச்சாள்னு ஜனங்க நம்பணும்ல" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நீயும் வெளிய யார்கிட்டயும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். கதவை மூடாமல் போனார்.

அவள் சுருளைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கழுவி எடுத்த மூலச்சுருளில் எல்லாம் தலைகீழ். வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருக்கும். கறுத்த கவுனில், கறுத்த முகத்தோடு, தலை நரைத்த ஒருவன் ஜன்னல் விளிம்பில் கால் வைத்து நின்றான். அவள் அந்தக் கட்டத்தை நெடுநேரம் பார்த்தாள். அந்தத் தலை அவனுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

பிறகு ஒவ்வொரு கட்டமாக விரலால் தள்ளினாள். கால் விளிம்பை விட்டது. கவுன் குடைபோல விரிந்தது. கைகள் இரண்டும் பக்கவாட்டில் நீண்டன. அடுத்த சில கட்டங்களில் முகம் கீழே திரும்பியது. வண்டி இல்லை என்று அவன் பார்த்துவிட்ட இடம் அதுதான். விரலை அங்கேயே வைத்துக்கொண்டு அவள் கண்ணை மூடினாள். அதற்கு மேல் பார்க்கவில்லை. கொஞ்சம் பின்னால் போய், கைகள் நீண்டிருந்த கட்டத்துக்கு வந்து, கத்தரித்தாள்.

மறுமுனையில் அடுத்த காட்சி தயாராக இருந்தது: கதாநாயகி வைக்கோலிலிருந்து எழுந்திருக்கிறாள். அக்கா சுருளின் விளிம்பை ஈரப்படுத்திச் சுரண்டினாள். தூரிகையால் பசை தொட்டுத் தடவினாள். கனிந்து அழுகிய பழம்போல அந்தப் பசை நாறும். இரண்டு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பெருவிரலால் அழுத்திப் பிடித்தாள். பிடித்துக்கொள்ளும் நேரம் தாண்டியும் விரலை எடுக்கவில்லை.

மிச்சத்தைக் கேமராக்காரன் கொல்லைப்புறத்தில் வைத்து எரித்தான். ஒரே மூச்சில் எரிந்து போயிற்று. முதலாளி ஓட்டிப் பார்த்தபோது, "கொஞ்சம் சீக்கிரமே வெட்டிட்டியேம்மா" என்றார்.

"தரையைக் காட்டினா, அந்தப் பொண்ணு எழுந்திரிக்கிறத யார் நம்புவாங்க ஐயா?"

அவர் சுருளை மறுபடி டப்பாவுக்குள் வைத்தார்.

படம் வெளியானது. கொட்டகையில் இடமில்லை என்றும், அந்தக் குதி வரும்போது ஜனங்கள் பெஞ்சின் மேல் ஏறி நிற்கிறார்கள் என்றும் தெருவெல்லாம் பேச்சு. கதாநாயகிக்கு என்ன தைரியம் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "அதுல குதிக்கிறது உன் புள்ளதான்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

மறுநாள் அக்கா வேலைக்குக் கிளம்பியபோது அம்மா வெளியே போகும் உடையில் வாசலில் நின்றாள். எங்கே என்று இவள் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. தெருவில் இவள் முன்னால் நடந்தாள், அம்மா பின்னால் வந்தாள். அக்கா வேலைக்குப் போகும் வழியை விட்டுவிட்டுக் கொட்டகைப் பக்கம் திரும்பினாள்.

அம்மா அதுவரை சினிமா பார்த்ததில்லை. பகல் காட்சி, உள்ளே போனதும் இருட்டில் கண் தெரியாமல் மகளின் தோளைப் பிடித்தாள். உட்கார்ந்ததும் கையை எடுத்துக்கொண்டாள். பெஞ்சின் நுனியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போய்விடுகிறவள்போல இருந்தாள். திரைக்குக் கீழே ஒருவர் வயலின் வாசித்தார். முன்வரிசையில் யாரோ விடாமல் இருமினார். திரையில் ஆட்கள் வாயசைத்தார்கள், ஓடினார்கள், கடிதம் படித்தார்கள், அழுதார்கள். அம்மாவுக்கு எதுவும் பிடிபடவில்லை. ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

வீடு எரிந்தது. வயலின் வேகம் பிடித்தது. ஜன்னலில் வெள்ளை உருவம் வந்து நின்றதும் அம்மாவின் உடம்பு விறைத்தது. முகம் சரியாகத் தெரியவில்லை, முடி பாதி முகத்தை மறைத்திருந்தது. ஆனால் ஜன்னல் விளிம்பில் அது கால் வைத்த விதத்தை வைத்து அம்மா கண்டுகொண்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் குதித்தான். கொட்டகை முழுக்க ஒரே குரலாக 'ஐயோ' என்றது. கைகள் நீண்டன, கவுன் விரிந்தது. அக்கா திரையைப் பார்க்கவில்லை. எந்த இடம் என்று அவளுக்குத் தெரியும். அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையின் வெளிச்சம் அந்த முகத்தில் மாறியது.

வைக்கோல் அசைந்தது. வெள்ளை உருவம் எழுந்து உட்கார்ந்தது. முடியில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டு, வண்டியிலிருந்து இறங்கி ஓடியது. ஜனங்கள் கைதட்டினார்கள். விசில் பறந்தது.

அம்மா வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"எழுந்துட்டான்டி" என்றாள்.

மகள் அவளைப் பார்த்தாள். அம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஆமாம்மா."

"அடி ஒண்ணும் படலியே?"

"இல்லம்மா."

திரையில் வெள்ளை உருவம் ஒரு மரத்தின் பின்னால் போய் மறைந்தது. வயலின்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மா கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பெஞ்சில் பின்னால் நகர்ந்து, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.